ஏழாம் எண் புகார்

அந்தக் குடிநீர் வாரியத் தலைமை அலுவலகத்தில் அவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. வந்த முதல் நாள் வாசல் காவலாளி வருகைப் பதிவேட்டில் 'கம்ப்யூட்டர் இணைப்பு' என்று எழுதிக்கொண்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நாலாவது மாடி ஏறி முடிப்பதற்குள் அந்தப் பட்டம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று முதல் எல்லாருக்கும் அவர் இணைப்புக்காரர்.

வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அண்ணன் வீட்டில் அவருக்கென்று ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அவை அவரைப் பார்ப்பதில்லை. ஒரு ஊரில் ஒரு மாதம், இன்னோர் ஊரில் ஒன்றரை மாதம் என்று லாட்ஜ் லாட்ஜாகச் சுற்றுகிற பிழைப்பு. அண்ணியிடமிருந்து போன் வந்தால் விஷயம் பெரும்பாலும் கட்டிலைப் பற்றியதாக இருக்கும்.

"தம்பி, உங்க கட்டில் சும்மாதானே கிடக்கு? எங்க பெரியப்பா வந்திருக்காரு. படுக்கச் சொல்லட்டுமா?"

"தாராளமா, அண்ணி."

"சரி, வெச்சுடட்டா?"

அவ்வளவுதான். 'எப்ப வர்றீங்க' என்று அங்கிருந்து யாராவது கடைசியாகக் கேட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

அவருடைய வேலை இதுதான். வாரியத்தின் அடித்தளத்தில் முப்பது வருஷத்துப் பெரிய கணினி ஒன்று இருந்தது. ஊரில் எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும், எந்த வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் அந்தப் புகார் அதற்குள்தான் போய் உட்காரும். ஒரு காலத்தில் அதோடு பேசுவதற்கென்றே கனத்த பெட்டிகள் மேசைக்கு மேசை இருந்தன. பெட்டிகள் போய்விட்டன. இப்போது எல்லாரும் வைத்திருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஜன்னல் திறக்கும். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. அந்த ஜன்னல் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும்; அடித்தளத்துக் கிழவன் ஏமாந்துபோய் அதோடு பேசுவான்.

ஆனால் பச்சைத் திரையில் தெரிவதை அங்கேயேதான் பார்க்க முடியும். புகார் கொடுத்தவருக்குக் கடிதம் போடவேண்டுமென்றால் எண், முகவரி, தேதி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இன்னொரு பக்கத்தில் மறுபடி அடிக்கவேண்டும். இணைப்புக்காரர் செய்யவந்தது இதற்கு ஒரு முடிவு கட்ட. பச்சைத் திரையை அழகான படிவம் ஒன்றின் பின்னால் மறைத்துவிடுவார். ஒரு பொத்தானை அழுத்தினால் விவரமெல்லாம் கடிதத்தில் போய் உட்காரும். இன்னொன்றை அழுத்தினால் எக்செல் தாளில் வரிசையாக விழும். பதினாறு கிளை அலுவலகங்களுக்கும் அவர் இங்கே வருமுன்பே வரைந்து கொடுத்த படிவத்தை அவருடைய நிறுவனத்தின் இன்னொரு குழு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தது. தலைமை அலுவலகம் மட்டும் அவர் பொறுப்பு.

கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். போகிறவர்கள் அவசரத்தில் போவார்கள், வருகிறவர்கள் கை ஈரத்தோடு வருவார்கள். இரண்டு சாராருக்கும் நின்று பேச வசதிப்படாது. மத்தியானம் எல்லாரும் கூட்டமாக உட்கார்ந்து டப்பா திறக்கும்போது அவர் கீழே இறங்கித் தெருமுனைக் கடையில் நின்றபடி எதையாவது தின்றுவிட்டு, இருபது நிமிஷம் வேண்டுமென்றே நடந்துவிட்டு மேலே வருவார். சீக்கிரம் வந்தால் அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர் நுழைந்ததும் யாராவது நாகரிகத்துக்கு "சாப்பாடு ஆச்சா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் விழும் அமைதி அவருக்குப் பிடிக்காது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை. முடிந்துபோன இருநூறு புகார்களை எடுத்து ஒரே மூச்சில் இருநூறு கடிதம் அச்சடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. வரிசையில் ஏழாம் எண் புகாருக்கான கடிதம் மட்டும் இப்படி இருந்தது:

'பெறுநர்: சோதனை, சோதனைத் தெரு. அன்புடையீர், தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. குறிப்பு: தலைவலி விட்டுதா? இங்க ஃபேன் ஓடலை. வெந்து போறேன்.'

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். ஏழாம் எண்ணைத் திறந்து பார்த்தார். அந்தக் கணினியைத் தொடங்கிய காலத்தில் யாரோ சோதனைக்காகப் போட்ட பொய்ப் புகார் அது. அழிக்க மறந்துவிட்டார்கள். அதன் அடியில் அறுபது எழுத்துக்கு மட்டும் இடமுள்ள குறிப்பு வரி. புதிதாக எழுதினால் பழையது மறைந்துவிடும். ஆனால் மறைந்தது எதுவும் அழிவதில்லை. உள்ளே ஒரு சரித்திரக் கோப்பில் தேதியோடு போய்ச் சேரும். அதைத் திறக்கும் உரிமை மேலாளருக்கும் இவருக்கும் மட்டும்தான்.

திறந்தார். பதினோரு வருஷம். தினம் காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி, மத்தியானத்துக்கு மேல் பதினாலாம் கிளையிலிருந்து ஒரு வரி. அடித்தளக் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துதான். அதைக்கொண்டே தங்கள் பேச்சை எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார்கள்.

'பம்ப் ரிப்பேர். காலைல இருந்து கையெல்லாம் கிரீஸ்.'

'சோப்பு போட்டா போகாது. மண்ணெண்ணெய் போடுங்க.'

'இங்க நல்ல மலை.'

'மலை பெஞ்சா ஊரே நசுங்கியிருக்குமே. நீங்க எப்படி தப்பிச்சீங்க?'

கிளைக்காரருக்கு 'ழ' எழுத வராது போலிருக்கிறது. எப்போதும் ஒற்றை 'எல்' போட்டு முடித்துவிடுவார். பதினோரு வருஷமாக அங்கே வானத்திலிருந்து மலைதான் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியில் காலை வரி இப்படி இருந்தது: 'வீட்டுக்காரர் தவறிட்டார். பதினாறு நாள் வரமாட்டேன்.' அந்தப் பதினாறு நாளும் கிளையிலிருந்து மட்டும் ஒரு வரி. பதினாறும் ஒரே வரி. 'சாப்பிட்டீங்களா.' படிக்க ஆளில்லை என்று தெரிந்தும் தினம் புதிதாக அடித்திருந்தார் அந்த மனுஷன்.

காலை வரிகள் எல்லாம் ஜன்னலோரத்து மேசையிலிருந்து போனவை என்று கோப்பு காட்டியது. இணைப்புக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். அங்கே ரெக்கார்டு அக்கா முகவரி ஒன்றைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். வாரியத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான்; மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவார். அதிகம் பேசாத, காரியத்தில் கண்ணான அம்மாள். மற்றவர்கள் டப்பா திறக்கும் கூட்டத்தில் அவரும் இருப்பதில்லை என்பது இவருக்கு இப்போதுதான் உறைத்தது.

சரித்திரத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது இன்னொன்று தெரிந்தது. நாற்பது நாளுக்கு மேலாகக் கிளையிலிருந்து பதில் இல்லை. அக்கா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். 'லீவா?' 'கோபமா?' 'நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?' அன்று காலை, 'தலைவலி விட்டுதா?'

படிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை ஒன்பது பத்துக்குக் கை தானாக ஏழாம் எண்ணைத் திறந்தது. அக்கா அப்போதுதான் எழுதியிருந்தார்:

'உடம்புக்கு ஏதாவதா? ஒரு புள்ளி மட்டும் வைங்க. போதும்.'

ஒரு புள்ளி. அது இல்லாமல் ஒரு மனுஷி நாற்பது நாளாகத் தவிக்கிறாள். இவருக்கோ நாற்பது வருஷத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு கிளையின் பெயரிலும் உள்ளே போய் எழுத ஒரு பரிசோதனை நுழைவு அவரிடம் இருந்தது. பதினாலின் பெயரில் எழுதினால் திரை மூலையில் பதினாலு என்றுதான் காட்டும். ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்துவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனார். புள்ளியை வைத்தார். அதோடு விட்டிருந்தால் கதையே வேறு. ஆனால் விரல் நிற்கவில்லை. புள்ளியை அழித்துவிட்டு எழுதினார்: 'நல்லா இருக்கேன். இங்க மழை. உங்க வரிதான் துணை.'

எழுதிவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டேகாலுக்கு அக்கா ஏழாம் எண்ணைத் திறந்திருக்கவேண்டும். முதுகு சட்டென்று நிமிர்ந்தது. கை வாய்க்குப் போனது. அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. யாரோ உள்ளே விளக்குப் போட்டமாதிரி இருந்தது. இணைப்புக்காரருக்குத் தானே நல்ல சேதி வாங்கியதைப்போல உடம்பெல்லாம் சூடாகியது.

பிறகு அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தார். ஒரு எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விளக்கு அணைந்தது. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்திவிட்டு நேராகக் கழிப்பறை வழியில் நடந்துவந்து, இவர் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நீங்கதானே?"

"எது, மேடம்?"

"அவருக்கு மழைன்னு எழுதத் தெரியாது. நீங்க இசட்டும் எச்சும் போட்டு ஒழுங்கா எழுதியிருக்கீங்க."

இணைப்புக்காரரின் கை திரையை மூடப்போனது.

"இந்த ஆபீஸ்ல உள்ள பூந்து எழுத முடிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். எத்தனை நாளா படிக்கிறீங்க?"

"நேத்துலேர்ந்து. கடிதம் அடிச்சப்போ தானா வந்துது. சத்தியமா தேடிப் போகலை."

"வந்துது, சரி. அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் அவரே தேடிப் போனார். தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவம் பார்த்தீங்களாக்கும்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அஞ்சு நிமிஷம், எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்துது. உங்களுக்குத் தெரியுமா அது? இப்ப அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டீங்க."

"மன்னிச்சுடுங்க."

அக்கா அந்த வார்த்தையைக் கையால் ஒதுக்கினார். போய்விடுவார் என்று நினைத்தார் இவர். போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன் பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணேன், ரெண்டு தடவை. யாரோ எடுத்து 'பம்ப் ஸ்டேஷன்'னு கத்துனாங்க. யாரைக் கேக்குறது? அவர் பேர் எனக்குத் தெரியாது. வயசு தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணினதும் இல்லை. வெச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆள் இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு. நாப்பத்து நாலு நாளாச்சு. கடைசியா எழுதினது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமைலேர்ந்து ஒண்ணுமில்லை."

செவ்வாய்க்கிழமை என்றதும் இணைப்புக்காரருக்குள் ஏதோ இடறியது. கிளைகளுக்குப் புதுப் படிவம் போடுகிற குழு செவ்வாய்க்கிழமைகளில்தான் போகும். அவரிடமிருந்த பட்டியல்படி பதினாலாம் கிளைக்கு முறை அடுத்த மாதம். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிக் குழுவின் வேலைக் குறிப்பைத் திறந்தார். ஒன்பதாம் கிளையில் சாலை வெட்டியிருந்ததால் முறை மாறியிருந்தது. பதினாலாம் கிளை: படிவம் போட்டாயிற்று. நாற்பத்து நாலு நாளுக்கு முன்பு.

அந்தப் படிவத்தை வரைந்தவர் அவர்தான். கிளைகளில் முடிந்த புகாரின் குறிப்பு எதற்கு என்று அந்த வரியை எடுத்துவிட்டவரும் அவர்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கிளைகள் அனுப்பும் திருத்தக் கோரிக்கைகளை அவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் தீர்த்துக்கட்டுவார். அந்தக் கோப்பைத் தேடினார். பதினாலாம் கிளையிலிருந்து மூன்று கோரிக்கை இருந்தது. 'குறிப்பு வரி தெரியவில்லை. தயவுசெய்து தரவும்.' ஒரு வாரம் கழித்து, 'குறிப்பு வரி மிகவும் தேவை.' மூன்றாவதில் கெஞ்சலே இருந்தது: 'குறிப்பு வரி. ஒரு வரி போதும். படிக்க மட்டுமாவது.' மூன்றுக்கும் எதிரில் அவர் கைப்பட ஒரே பதில்: 'அவசியமில்லை. நிராகரிக்கப்பட்டது.'

திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

அக்கா மூன்றையும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "இருக்கார்," என்று மட்டும் சொன்னார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கை ஈரத்தோடு வந்த ஒருவர் என்ன ஏதென்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

அன்று மாலையே இணைப்புக்காரர் கணினிப் பிரிவு மேலாளர் அறைக்குப் போனார். படிவங்கள் எல்லாம் ஒப்புதல் வாங்கி மூடப்பட்டுவிட்டன. இனி கை வைத்தால் பதினாறு கிளைக்கும் திரும்பப் போடவேண்டும். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு வரிக்காகவா?"

"ஒரு வரிதான், சார்."

"அது வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தான். என் தப்பு. எங்க கம்பெனி கிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

"தப்புன்னு எழுதிக் குடுக்குற முதல் ஆளை இப்பதான்யா பார்க்குறேன்," என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார். ஏழாம் எண்ணைப் பற்றி இவர் மூச்சு விடவில்லை. சோதனைப் புகார் எதுவும் கடிதத்தில் போகாதபடி தடுப்பு ஒன்று வைத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் மாங்குமாங்கென்று உழைத்தார். வரியைப் படிவத்தில் திரும்பக் கொண்டுவந்தார். மறைந்துபோன பழைய வரிகளையும் எழுதியவர்களே திறந்து பார்க்கும்படி ஒரு வழி செய்தார். பதினாலின் பரிசோதனை நுழைவை அழித்தார். சனிக்கிழமை முற்பகல் கிளைக்குப் போன் போட்டார். கதவு சாத்தியிருந்த கோப்பு அறைக்குள் நின்றுகொண்டுதான் பேசினார்.

"பம்ப் ஸ்டேஷன்!" என்று ஒரு குரல் கத்தியது. பின்னால் மோட்டார் இரைச்சல்.

"கம்ப்யூட்டர்ல குறிப்பு வரி கேட்டு எழுதினவர் இருக்காரா?"

யார் யாரையோ கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் மோட்டார் மட்டும் ஓடியது. பிறகு கொஞ்சம் திக்குகிற, மெல்லிய குரல் வந்தது.

"நா... நான்தான்."

"குறிப்பு வரி வந்தாச்சு. திறந்து பாருங்க."

"வந்துருச்சா?" விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. தப்பாகத் தட்டி, மறுபடி தட்டி. "வந்துருச்சு. இதுல... இன்னிக்கு எழுதினது மட்டும்தான் தெரியுதுங்க. நடுவுல இருந்ததெல்லாம் போயிடுச்சா?"

"போகலை. எஃப் ஏழு அழுத்துங்க."

ஒரு தட்டு. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் படிக்கிறார் என்று புரிந்தது. இணைப்புக்காரர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வரிக்கு மேல். எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மூச்சுச் சத்தம் தனக்கில்லை என்று உறைத்தபோது மெதுவாகப் போனை வைத்தார்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல ஒன்பதுக்கு வந்தார். இணைப்புக்காரர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ஏழாம் எண்ணைத் திறக்கவும் இல்லை. ஒன்பதேகால் வாக்கில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, அடங்காமல், மூக்கு வழியாக வெளியே வந்த சிரிப்பு. "என்னக்கா, என்ன?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "ஒண்ணுமில்லடி, தும்மல்," என்றார் அக்கா.

என்ன எழுதியிருந்தது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. ஒப்படைப்புத் தாளில் ரெக்கார்டு பிரிவின் சார்பில் அக்காதான் கையெழுத்துப் போடவேண்டும். கடிதத்தின் இடது ஓரம் அரை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று ஒரு குறை சொன்னார். இணைப்புக்காரர் அங்கேயே சரிசெய்தார். கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தபிறகு அக்கா கேட்டார்:

"உள்ளே பார்க்குற அந்த வழி உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏதாவது கோளாறு வந்தா பார்க்குறதுக்கு மூணு மாசம் வெச்சுக்கலாம்னு ஒப்பந்தம்."

அக்கா திரையைப் பார்த்தார். இணைப்புக்காரர் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, தன் நுழைவைத் திறந்து, அவர் பார்க்க அதை அழித்தார். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. ஆம் என்றார்.

"கோளாறு வந்தா?"

"மேலாளர்கிட்ட சொல்லுங்க. போன்ல சொல்லிக் குடுத்துடறேன்."

அக்கா தலையாட்டினார். "கோபம் எனக்கு இன்னும் முழுசா போகலை," என்றார். "ஆனா நீங்க செஞ்சு குடுத்ததும் தெரியுது. போயிட்டு வாங்க, தம்பி."

அண்ணிக்கு அடுத்தபடி அவரைத் தம்பி என்றது அக்காதான். பதிலுக்கு என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா திரைப்பக்கம் திரும்பிவிட்டார். மணி இரண்டு ஆகியிருந்தது.

பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. கழிப்பறை வழி மேசைக்கு வந்து கேபிள்களைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையின் முன்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை ஈரத்தோடு வந்த ஒருவர் அவரைப் பார்த்து, "இன்னும் போகலையா?" என்றார்.

"இதோ," என்றார் இணைப்புக்காரர்.